உதாரண வாக்கியங்கள்

ஸாக்ரெப்,
2019 மார்ச் 6

அன்புள்ள ஸ்வானே அண்ணாவுக்கு,

ஃபூமா எழுதுகிறேன். நானும் என் வலது முழங்காலும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். பெர்த்தில் இப்போது வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணி லொரெய்ன் நலமா? கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பிய அட்டை வந்தது. உன் கையெழுத்தையும் அவரே போட்டிருந்தார்.

இது பதில் அட்டை இல்லை, அண்ணா. நீயே உட்கார்ந்து படிக்கவேண்டிய கடிதம். உறைக்குள் ஒரு படிவமும் இருக்கிறது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

எங்கள் மொழி நிறுவனத்தில் எனக்கு இது கடைசி வருஷம். டிசம்பரோடு ஓய்வு. பேச்சு வழக்கு அகராதியில் ‘ப’ வரிசைகூட முடியவில்லை, அதை வேறு யாராவது முடிப்பார்கள். போன இலையுதிர் காலத்தில் லுகினிச் என்ற பள்ளி ஆசிரியரின் மனைவி எங்களுக்கு ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்களைக் கொடுத்தார். அந்த மனிதர் முப்பது கோடை விடுமுறைகளை நம் இஸ்த்ரியா முழுக்க மோட்டார் சைக்கிளில் சுற்றி, ஊர் ஊராகப் பேச்சைப் பதிவுசெய்தே கழித்திருக்கிறார். ஒரு சொல்லைக் கேட்பார், பிறகு அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார். வாக்கியம் இல்லாத சொல்லை நாங்களும் அகராதியில் சேர்ப்பதில்லை.

நாடாக்களைக் கணினியில் ஏற்றுவது விங்கோவின் வேலை. என் வயதுக்காரர், சிரிக்கவே காசு கேட்கும் ஆள். மூன்று வாரத்துக்கு முன் என் அறைக்கு வந்து, “ஃபூமா, உங்க ஊர்க்காரர் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. எந்த வார்த்தையக் கேட்டாலும் ஒரே ஆளத்தான் இழுக்கறாரு. யாருங்க இந்த ஸ்வானே?” என்றார்.

அப்பாவின் குரல், அண்ணா. 1975 ஆகஸ்ட். நான் அப்போது கோடை வேலைக்காக ரபாத்ஸ் கடற்கரையில் ஹோட்டல் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வாத்தியார் வந்துபோனார் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னதாகக்கூட நினைவில்லை.

முதலில் கோப்பை வைக்கும் சத்தம். அப்பா, “சுத்துதா அது? நான் இருமினா அதுவும் பதிவாகுமா?” என்று கேட்கிறார். தூரத்திலிருந்து அம்மா, “இவர நம்பி எழுதிக்காதீங்க வாத்தியாரே, பாதி புளுகு!” என்கிறாள். நான் அங்கேயே காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றேன். பிறகு திரும்பி வந்து நாடாவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

நுகத்தடிக்குச் சொல் கேட்கிறார் வாத்தியார். அப்பா சொல்லிவிட்டு, “எங்க ஸ்வானே பதிமூணு வயசுலயே ரெண்டு மாட்டையும் தனியாப் பூட்டுவான்” என்கிறார். இடதுகைக்காரனுக்குச் சொல் கேட்டால், “ஸ்வானே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல அடிச்சுப் பாத்தாங்க, மாறல.” பிடிவாதத்துக்கும் நீதான். “என்ன மாதிரியே” என்று சேர்த்துக்கொள்கிறார். கடைசியில் வாத்தியாரே, “ஐயா, உங்களுக்கு வேற ஆளே தெரியாதா?” என்று சிரிக்கிறார். அப்பா சிரிக்கவில்லை. “வீட்ல பேசற மாதிரி வாக்கியம் கேட்டீங்க. நான் மனசுக்குள்ள பேசறதச் சொல்றேன்” என்றார்.

பூட்டாமல், தாழ்ப்பாள் போடாமல், கதவைச் சும்மா சாத்தி வைப்பதற்கு நம் ஊரில் ஒரே ஒரு சொல் உண்டே, அதையும் கேட்டார். அப்பாவின் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். “ஸ்வானே போனதுலேர்ந்து எங்க வீட்டுக் கதவு இப்படித்தான். பொண்ணுக்குத் தெரியாது. காத்து வருதுன்னு கத்துவா.”

நான் கத்தியது உண்மைதான்.

அண்ணா, 1970இல் நான் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘உன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் சாவுக்கும் வரவில்லை. வா என்று நானும் கேட்கவில்லை.

அப்பா அதைச் சொன்னது பொய்யில்லை. ஆனால் என்றைக்குச் சொன்னார் என்று நான் எழுதவில்லை. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிப்போன உன்னைப் பற்றி விசாரிக்க போலீஸ் மூன்றாவது தடவை வந்துபோன நாள் அது. அம்மாவின் மரப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். அப்பா சாப்பிடாமல் எழுந்து, நம் இரண்டு பேருக்கும் என்ன ஆகுமோ என்று பயந்து, அதைச் சொன்னார். எனக்கு அது அப்போதே புரிந்தது. புரிந்தும் பாதியை மட்டும் எழுதினேன். என்னிடம்கூடச் சொல்லாமல் போனாய் என்ற கோபம். ஆடுகளை என் தலையில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் ஒரு வருஷம் போனது. அதற்கெல்லாம் உன்னைத் தண்டித்தேன். நாற்பது வருஷமாகச் சொற்களுக்குச் சரியான பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் செய்த வேலை இது.

படிவத்தைப் பற்றி. இந்தப் பதிவை எல்லோரும் கேட்கும்படி வைக்கலாமா என்று பேசியவரின் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நான் போட்டுவிட்டேன். இரண்டாவது கேள்வி, பெயர்களை நீக்க வேண்டுமா என்பது. உன் பெயரை நீக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. நீக்கினால் நாற்பது நிமிஷத்தில் ஆறோ ஏழோ மிஞ்சும் என்கிறார் விங்கோ. நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். பதிலே போடாவிட்டாலும் உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சளியை அலட்சியம் செய்யாதே. நம் குடும்பத்து நெஞ்சு அப்படி. அண்ணிக்கு என் அன்பு. கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
ஃபூமா


பெர்த்,
மார்ச் 29

ஃபூமாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். எதையும் நீக்க வேண்டாம். ஒரே ஒரு திருத்தம், மாடு பூட்டியபோது எனக்குப் பதினொன்று. பதிமூன்று இல்லை. அப்பாவுக்குக் கணக்கு வராது.

கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உன் கடிதத்தை மேஜைமேல் போட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. லொரெய்ன் பயந்துவிட்டாள். மூன்றாம் நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. அவள் கேட்டாள், “அப்போ அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?” பதினைந்து என்றேன்.  அன்றைக்கே படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பதிவை இங்கே அனுப்பாதே. கணினியில் அனுப்பிவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். தனியாக உட்கார்ந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மே பதினான்காம் தேதி ஸாக்ரெப் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். இடது காது கொஞ்சம் மந்தம், சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்.

விமான நிலையத்துக்கு நீயே வா, வேறு யாரையும் அனுப்பாதே. என் முகம் உனக்கு அடையாளம் தெரியாது, தலையில் முடியும் இல்லை. வெளியே வந்ததும் நம் ஊர்ப் பேச்சில் உரக்க உன்னைக் கூப்பிடுகிறேன். குரல் வரும் பக்கம் வா.

ஸ்வானே