தொண்டையில் நின்றது

ஜூன் 11, செவ்வாய்

நாள் முழுக்கக் கோடம்பாக்கம். இந்தி சீரியலின் தமிழ் டப்பிங். பெரிய மருமகளுக்கு நான்தான் குரல். வசனமெல்லாம் முடிந்து கடைசியில் ரியாக்‌ஷன் எடுத்தார்கள். அதாவது வசனம் இல்லாத இடங்களில் வரும் மூச்சு, விம்மல், அலறல். விம்மலை வழக்கம்போல ஒரே டேக்கில் கொடுத்துவிட்டேன். அலறல் வரவில்லை. அவள் மாடிப்படியில் உருள்கிறாள், நான் மைக் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி.

சவுண்ட் இன்ஜினியர் வெங்கடேஷ் நல்ல பிள்ளை. "விடுங்கக்கா, உங்க அலறல் ஸ்டாக்ல நெறைய கெடக்கு. அதுல ஒண்ணப் போட்டுக்கறேன்" என்றான். பதினெட்டு வருஷமாகக் கத்தியிருக்கிறேனே. நான் செத்தாலும் என் அலறலுக்குச் சாவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரியிலிருந்து இப்படித்தான்.

ஜூன் 14, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன். மண்டைக்குள் ஓடுவதைவிடத் தாளில் கிடக்கட்டும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலவாக்கம் கடற்கரை. என் தங்கை எஸ்தர் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அலை இழுத்தது. கை ஒருமுறை தெரிந்தது. நான் மணலில் நின்றேன். படகுகளுக்குப் பின்னால் ஆண்கள் உட்கார்ந்து வலையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட முடியவில்லை — எது சரி? கால்கள் நட்டு வைத்த மாதிரி இருந்தன. வாய் திறந்துதான் இருந்தது. காற்று உள்ளே போய் நாக்கு உப்புக் கரித்தது ஞாபகம் இருக்கிறது.

அவர்களில் செபஸ்தியான் என்பவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து ஓடிவந்தார். அவர்தான் அவளைக் கரைக்குத் தூக்கி வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை கூடவே வந்து, தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருப்பமே தாயி" என்றார். குறையாகச் சொல்லவில்லை அந்த மனிதர். அது அம்மா காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் அம்மா சொன்னாள்: "சினிமாக்காரனுக்கு ஊரே கேக்கற மாரி கத்துவா. கூடப் பொறந்தவளுக்கு வாய் வர்ல."

அதோடு பேச்சு நின்றது. பட்டினப்பாக்கத்தில் இரண்டே அறை உள்ள வீடு. அதற்குள் நானும் அவளும். "சோறு கீது." "சிலிண்டரு வந்துச்சி." இவ்வளவுதான்.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் அலறினாள், அதாவது நான். அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

ஜூன் 22, சனி

மயிலாப்பூர் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வேறொருவரிடம் அனுப்பினார். அடையாறு, கஸ்தூர்பா நகர். கைசர் ஜஹான் என்று பெயர், என் வயசுதான் இருக்கும். மனசை உடம்பு வழியாகச் சரி செய்கிறவராம். படுக்கப் போட்டு அமுக்குவார் என்று நினைத்துப் போனேன். தொடவே இல்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளங்கால் தரையில் எங்கெங்கே படுகிறது என்று கவனிக்கச் சொன்னார். பிறகு கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி பிளான்ட், ஒரு காலண்டர், ஒரு பீரோ. இதற்கா வெயிலில் இவ்வளவு தூரம்?

"என்ன நடந்ததுன்னு இப்ப முழுசா சொல்ல வேணாம்" என்றார். "சொன்னா உடம்பு திரும்ப அங்கயே போய் நின்னுக்கும். மொதல்ல இங்க இருக்கப் பழகலாம்."

பஸ்ஸில் சிரிப்பு வந்தது. இங்கேதானே இருக்கிறேன். வேறெங்கே போய்விட்டேன்?

ஜூன் 29, சனி

இன்று நடித்துவிட்டேன்.

"எஸ்தரை நெனச்சா உடம்புல எங்க தெரியுது?" என்று கேட்டார். தெரியவில்லை. உள்ளே வெறும் மரக்கட்டை. அவரோ அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எதிரே ஒருத்தர் எதிர்பார்த்து உட்கார்ந்தால் கொடுத்துத்தான் பழக்கம். முதலில் மூச்சைத் திணறவிட்டேன், அப்புறம் உதட்டு நடுக்கம், அப்புறம் அடிவயிற்றிலிருந்து விம்மல். தோளைக்கூடக் குலுக்கினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எஸ்தரை அடக்கம் செய்த அன்றும் அழுதேன். அது சின்ன மருமகள் விதவையான எபிசோடில் பெரிய மருமகளுக்குக் கொடுத்த அழுகை. அப்படியே, மூச்சு மாறாமல். எனக்கென்று ஒரு அழுகை இருந்ததா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிட்டேனா?

அம்மாவாவது பரவாயில்லை. அவள் நடிக்கவுமில்லை, அழவுமில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

குழாயடியில் குடம் நிறையும் சத்தம். தோள் காதுவரை ஏறிக்கொண்டது. ஒன்றும் மாறவில்லை.

ஜூலை 6, சனி

சொல்லிவிட்டேன். "மேடம், போன வாரம் அழுததெல்லாம் தொழில்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். "நான் நம்பிட்டேன்" என்றார். "என் பக்கமும் தப்பு இருக்கு. ஏதாவது வரணும்னு காத்துக்கிட்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. இனிமே சத்தமே வேணாம். வாய மூடிக்கிட்டே பண்ணலாம்."

அந்த அறையில் இருவருமே அசடு வழிந்தோம். முதல்முறையாக அவரைப் பிடித்தது.

ஜூலை 20, சனி

சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளச் சொன்னார். வேகமாக இல்லை, மெதுவாக, முழு பலத்தோடு. தள்ளிவிட்டு நிறுத்து. என்ன ஆகிறது பார். திரும்பத் தள்ளு. மூன்றாவது தடவை தொடையில் ஒரு சின்ன நடுக்கம், நான் போடாத நடுக்கம். பயந்து காலை மாற்றி நின்றேன். அடக்க வேண்டாம், வந்தால் வரட்டும், தாங்க முடியாவிட்டால் கண்ணைத் திறந்து அறையைப் பாருங்கள் என்றார்.

அப்புறம் சொன்னார்: "பயம் அளவுக்கு மீறிப் போனா, உடம்பு ஓடவும் செய்யாது, கத்தவும் செய்யாது. அப்படியே பூட்டிக்கும். அது நீங்க எடுத்த முடிவு இல்ல."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "உடம்பு எடுத்த முடிவுன்னா, உடம்பு யாருது மேடம்? பக்கத்து வூட்டுக்காரியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுதுதான். அதனாலதான் இவ்ளோ வலிக்குது" என்றார். "நீங்க கத்தியிருந்தா பொழச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

ஆறுதல் சொல்லாததற்காக ஒருத்தருக்கு நன்றி சொல்லத் தோன்றுவது இதுதான் முதல் தடவை. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொட்டும் சத்தம் ஏறியது. எப்போதும் குழாயை மூடிவிட்டு ஓடிவிடுவேன். இன்று ஓடவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் முட்டி, அப்புறம் தொடை, அப்புறம் பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உடம்பே என் கையில் இல்லை. ஒரு சத்தம் வந்தது. மாடு செருமுகிற மாதிரி, அவ்வளவு அசிங்கமாக. வெங்கடேஷ் கேட்டிருந்தால் வேறு டேக் போகலாமக்கா என்றிருப்பான்.

அம்மா ஓடிவந்தாள். வலிப்பு என்று நினைத்துவிட்டாள். பீரோ சாவிக்கொத்தை என் கையில் திணித்து, "இறுக்கிப் புடி, இரும்ப உடாத" என்றாள்.

"வலிப்பு இல்லம்மா. அதுவா நிக்கும். உடு."

விடவில்லை. சாவியோடு சேர்த்து என் கையைப் பொத்திக்கொண்டு, நடுக்கம் நிற்கும்வரை ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக எப்போது என்னைத் தொட்டாள்?

பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்தபோது பசித்தது.

ஆகஸ்ட் 10, சனி

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்து நடுங்கனியே, அது இன்னா? உள்ள இருந்தது வெளிய வந்துச்சா?"

கொஞ்சம் வந்தது என்றேன்.

"எனக்கு வர்லடி." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரில துணியப் போத்தி மூஞ்சிய மட்டும் காட்னாங்க. அப்ப நெஞ்சுல ஏதோ வந்து ஒக்காந்துச்சி. இன்னும் எழுந்து போவல. பெத்தவ ஒரு சொட்டு அழுவலன்னு தெருவே பேசுது. உன்ன ஏசுனா அந்தக் கோவத்துலயாச்சும் அழுவ வரும்னு பாத்தேன். அதுவும் வர்ல. ஏச ஆரம்பிச்சத நிறுத்தவும் தெர்ல."

இரக்கம் வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது. எத்தனை மாசம்! அழுகை வருகிறதா என்று பார்க்க என்னைப் போட்டு அடித்திருக்கிறாள், துணி துவைக்கிற கல்லா நான்? கேட்டேன், இதே வார்த்தையில் கேட்டேன். அவள் எழுந்து போகவில்லை. டீ ஆறிவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து, "சனிக்கெழம நீ போறியே, அந்தப் பொம்பளகிட்ட என்னிய இட்டுக்கினு போ" என்றாள்.

ஆகஸ்ட் 31, சனி

இன்று அம்மாவுக்கு இரண்டாவது தடவை. போன வாரம் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மீன் விற்ற காலத்துப் பித்தவெடிப்பாம், வெட்கமாம். இன்று தானாகக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. திரும்பி வந்தபோது கண்ணும் காய்ந்துதான் இருந்தது. ஆனால் பாதத்தில் சூடு தெரிந்ததாம். அதை ஏதோ புகார் மாதிரி சொன்னாள்.

அடுத்த மாசத்திலிருந்து வசனம் மட்டும்தான் பேசுவேன், ரியாக்‌ஷன் வேண்டாம் என்று வெங்கடேஷிடம் சொல்லிவிட்டேன். கத்த இன்னும் வரவில்லை. வரவே வராமலும் போகலாம்.

பஸ் ஸ்டாப்பில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு நடந்து போகும் காவித் துணிக்காரர்கள். அவர்கள் போய் முடியும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கி எஸ்தரு இன்னா போட்டுனு இருந்தா?"

"பச்ச சுடிதாரு."

"பச்ச அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். எங்கள் பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை.

"தண்ணில நின்னப்ப சிரிச்சாளா?"

"சிரிச்சாம்மா" என்றேன்.