காஜா பெராங்கில் கேட்ட சத்தம்

காஜா பெராங், மலாக்கா
10-9-1957

அன்புள்ள கமலத்துக்கு,

நீ பத்திரமாகச் சிரம்பான் போய்ச் சேர்ந்ததை உன் அண்ணன் சேதுபதி மச்சான் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்று நான் கத்தியது தப்பு. மெர்டேக்கா சுதந்திர விழாவை ரேடியோவில் கேட்க அக்கம்பக்கத்தார் எல்லோரையும் நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏரியல் கம்பியில் ஈரச்சேலை நான்கைக் காயப்போட்டால் அது பாரம் தாங்காமல் அறுந்துவிடும் என்று உனக்கு எப்படித் தெரியும்? சுதந்திரம் வருகிற நேரத்தில் பெட்டி ஊமையாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் வாய் நீண்டுவிட்டது. இப்போது துணிக்கென்று தனியாகக் கொடி கட்டிவிட்டேன்.

கம்பியையும் மாற்றி மாமரத்து உச்சி வரை ஏற்றியாயிற்று. ஆனால் எதிர்க்கடைத் தையல்காரர் கலியாணசுந்தரம் மோட்டார் வைத்த மெஷின் வாங்கியிருக்கிறார். அவர் ஒரு சட்டைக்கை தைத்தால் என் பெட்டியில் ஐரோப்பா முழுவதும் கரகரக்கிறது. பெட்டிக்குள் வால்வு ஒன்றும் மங்குகிறது. ஜோங்கர் ஸ்திரீட்டில் ஏழு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. ஹாலந்து ரேடியோ நிலையத்திலிருந்து அட்டை வந்திருக்கிறது. அவர்கள் ஒலி இங்கே எப்படிக் கேட்டது என்று ஜூனில் எழுதிப் போட்டேனே, அதற்குப் பதில். படத்தில் காற்றாலை.

எப்போது வருகிறாய்?

அன்புடன்,
பொன்னுதுரை


சிரம்பான்
17-9-1957

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

கமலவேணி எழுதிக்கொண்டது. இங்கே அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். நீங்களும் உங்கள் பெட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

கொடி கட்டியது சந்தோஷம். கொடி இல்லையென்றா நான் புறப்பட்டு வந்தேன்? அத்தனை பேர் முன்னால் "அறிவிருக்கா ஒனக்கு?" என்றீர்கள். பக்கத்து வீட்டு அன்னம்மா மலாக்கா செட்டி வம்சம், மலாய்தான் பேசுவாள், அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டு எந்தப் பாஷைக்காரருக்கும் புரிந்துவிடுகிறது.

ஜூன் மாதம் எனக்குக் காய்ச்சல் என்று மூன்று தடவை சொன்னேன். "உஸ், மணிலா ஸ்டேஷன் வருது" என்றீர்கள். மணிலா வந்தது, போனது. நானாகவே கஞ்சி வைத்துக் குடித்தேன். ஆறு வருஷமாக நான் பேசுவது உங்கள் காதில் விழவே இல்லை, அத்தான். காது கேளாதவரென்றால் மனம் ஆறியிருக்கும். உலகத்திலேயே கூர்மையான காது உங்களுடையது.

எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
கமலவேணி


காஜா பெராங்
9-10-1957

அன்புள்ள கமலம்,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எழுதியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதற்கு நான் என்ன எழுத? ஆனால் இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டிக்கொண்டாவது படி.

ரஷ்யாக்காரர்கள் வானத்தில் ஒரு குட்டிச் சந்திரனை ஏற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்திருப்பாய். அதற்குள் ஒரு ரேடியோ இருக்கிறது. நாலு நாளாகத் தேடினேன். இன்று காலை ஆறேகாலுக்கு, இருபது மெகாசைக்கிளுக்குச் சற்று மேலே, அது வந்தது கமலம். பீப், பீப், பீப் என்று. முதலில் மெலிசாக, பிறகு பக்கத்து அறையில் இருப்பதுபோல. மனிதன் செய்த ஒன்று மேகத்துக்கும் மேலே, நம் மாமரத்துக்கு நேர் மேலே போய்க்கொண்டிருக்கிறது, நான் சாரமும் பனியனுமாக உட்கார்ந்து கேட்கிறேன்! அன்னம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "பிந்தாங் போலே சக்காப் கா?" என்றாள். நட்சத்திரம் பேசுமா என்கிறாள்.

பிறகு அது கடல் பக்கம் மங்கி மறைந்தது. திரும்பி, "கமலம், கேட்டியா?" என்றேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவு வந்தது.

கேட்டவர்கள் மாஸ்கோவுக்கு எழுத வேண்டுமாம். இன்றே எழுதப் போகிறேன்.

உன்,
பொன்னுதுரை


சிரம்பான்
13-10-1957

அத்தானுக்கு,

மாஸ்கோவுக்கா? உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அண்ணன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் அவசரகாலம் நீங்கவில்லை. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுக்காரர்களோடு சண்டை நடக்கிறது. உங்களைப் போல சர்க்கார் ஆபீஸில் எழுதுகிற கிராணி ஒருவர் ரஷ்யாவுக்குக் கடிதம் போட்டால், அது பீப் சத்தத்தைப் பற்றித்தான் என்று எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? "மச்சானுக்கு வேல போறதோட நிக்காது, உள்ள புடிச்சுப் போட்டுருவாங்க" என்கிறார் அண்ணன்.

இது கோபத்தில் சொல்வதல்ல. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டீர்களென்றால் நான் இனி மலாக்கா பஸ் ஏறமாட்டேன். முகம் தெரியாத ஒருத்தன் அட்டை அனுப்புவான் என்பதற்காக வேலையையும் வீட்டையும் தூக்கிக் கொடுக்கிறவரோடு எப்படி இருப்பது? இந்த ஒரு தடவை மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

கமலவேணி


காஜா பெராங்
21-10-1957

என் கமலத்துக்கு,

கடிதம் எழுதி, ஒட்டி, தபாலாபீஸ் பெட்டி வரை கொண்டுபோனேன். அதன் வாயில் கவரை நுழைத்தும்விட்டேன். விடமுடியவில்லை. பின்னால் நின்ற சீனக்கிழவர் செருமியதும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கையில் இருந்தால் என்றைக்காவது போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் உனக்கே அனுப்புகிறேன். கிழி, எரி, உன் இஷ்டம். ஆங்கிலத்தில் எழுதியதை உனக்காகத் தமிழிலும் எழுதியிருக்கிறேன். ஒருவராவது அதைப் படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பொன்னுதுரை

(இணைப்பு)

ஐயா,

மலாயா, மலாக்கா, காஜா பெராங்கிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை 6.14 முதல் 6.23 வரை தங்கள் சந்திரனைக் கேட்டேன். ஒலி பலமாகவும் தெளிவாகவும் இருந்தது. நடுவில் சிறிது இரைச்சல், அது என் பக்கத்துக் குறை. அது என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தோடு ஒன்பது நிமிடமும் மூச்சைப் பிடித்துக் கேட்டேன். மறைந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவ்வளவு தனியாகச் சுற்றி வருகிற ஒன்றை இங்கே ஒருவன் கேட்டான் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதவும்.

எஸ். பொன்னுதுரை


சிரம்பான்
29-10-1957

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கவர் வியாழக்கிழமை கிடைத்தது. படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு இரும்புருண்டைக்கு இவ்வளவு நயமாக எழுதத் தெரிந்த மனுஷர் எனக்கு ஒரு நாளாவது இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று அழுதேன். அண்ணி பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் அண்ணன் இருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்களெல்லாம் அந்தக் குட்டிச் சந்திரனைப் பார்க்க மைதானத்துக்குப் போனார்கள், நானும் போனேன். ஒரு வெளிச்சம் வந்தது அத்தான், அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல். வாயாடி அண்ணிகூடக் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள். உங்களைப் பக்கத்தில் தேடினேன். நீங்கள் எழுதியிருந்தது அப்போதுதான் புரிந்தது.

சனிக்கிழமையோடு அதன் பேச்சு நின்றுவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. பாட்டரி தீர்ந்துவிட்டதாம். நீங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பீர்களே என்று நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, பெட்டியை அணைத்துவிட்டு வாருங்கள்.

ஆங்கிலக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தமிழில் இருப்பது என் டிரங்குப் பெட்டிக்குள், கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. அதை நீங்கள் திருப்பிக் கேட்கக் கூடாது. மாஸ்கோக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அது எனக்கு வந்த கடிதம்.

உங்கள்,
கமலம்