வாயை ஒட்டி வைத்திருந்த அலாரம்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்துப் போட்ட பெட்ஷீட் ஆறு, ஒன்றும் காயவில்லை. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது, காற்று அதற்குள் அவசரப்படுகிறது.

கட்டில், அடுப்போடு நாங்கள் வாடகைக்கு விடும் கேம்பர் வேனுக்குச் சனிக்கிழமை ஒரு பார்ட்டி. கீர்த்தனா, அவள் புருஷன், எட்டு மாதக் குழந்தை. சக்லேஷ்பூர், இரண்டு நாள், அவர்களே ஓட்டிப் போவார்கள். வேனைக் கூட்டித் துடைக்கப் போனேன். ஜோகுபாளையம் சந்தில் எங்கள் வண்டி நுழையாது, கோயில் பின்னால் காலி சைட்டில்தான் நிற்கும். உள்ளே கால் வைத்ததும் "கீச்".

எலி என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி "கீச்". அரிசி டப்பா, ஸ்டவ் அடி, கட்டில் அடி எல்லாம் தேடினேன். கடைசியில் பார்த்தால், தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் கேஸ் அலாரம். கேஸ் கசிந்தாலும் கத்தும், கார்பன் மோனாக்சைடு சேர்ந்தாலும் கத்தும் என்று சொல்லி மாட்டியது. அதற்கு மூன்று சுற்று வெள்ளை பிளாஸ்திரி, அடியில் மடித்த துணி வேறு. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்டது மாதிரி.

இவரைக் கேட்டேன்.

"அது ரிப்பேரும்மா. சும்மா சும்மா கத்தும். அதான் வாயை ஒட்டிட்டேன்."

"எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

போன வாரம்தான் கீர்த்தனா போனில் கேட்டாள், ஆன்ட்டி, கேஸ் அலாரம் இருக்குல்ல, குழந்தையோட வர்றோம் என்று. எல்லாம் இருக்கும்மா என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். கார்மென்ட்ஸில் பதினாறு வருஷம் செக்கிங்கில் நின்றவள் நான். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்புவேன். சொந்த வண்டியில் இதைப் பார்க்கவில்லை. எரிச்சல்.

செய்ய:
அலாரம் மாற்ற. சனிக்கு முன்.
பெட்ஷீட் மாடியில் வேண்டாம், ஃபேனுக்கு அடியில்.
கரியடுப்பு துடைக்க, கரி ஒரு பை.
கொசுவலை கிழிசல்.
இவரிடம் பேசாமல் இருக்க. முடிந்தால்.


ஜூலை 15, செவ்வாய்

பேசாமல் இருக்க முடியவில்லை. காலை காப்பியோடு சண்டை.

"ஜன்னல் தொறந்து வெச்சிக்கினு சமைங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டா போதும். இன்னாத்துக்கு மெஷினு?"

சக்லேஷ்பூர் குளிரில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார் ஜன்னலைத் திறப்பார்கள் என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எலக்ட்ரிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். மழையில் பஸ், குடை ஒரு கம்பி உடைந்தது.

முதல் கடை: சமையலறைச் சுவரில் மாட்டுகிற அலாரம். வீட்டுக் கரண்டில்தான் ஓடும். எங்கள் வேன் பேட்டரியில் ஓடுவது, பன்னிரண்டு வோல்ட். சொன்னேன். "அடாப்டர் ஹாக்கி மேடம்" என்றான், அடாப்டர் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

இரண்டாம் கடை: புகைக்குக் கத்துவது. கேஸுக்கு இல்லை. "எல்லா ஒந்தே மேடம்" என்று சிரித்தான். எல்லாம் ஒன்று என்றால் நீ ஏன் பத்து வகை வைத்திருக்கிறாய் என்று கன்னடத்திலேயே கேட்டுவிட்டு வந்தேன். சிரிப்பு நின்றது. இன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

மூன்றாம் கடை: பூட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் இவர், "கெடைச்சுதா?" முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.


ஜூலை 16, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. பீன்யா போனேன்.

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி. கேம்பர் வண்டிகளுக்கு உள்வேலை செய்கிற நயாஸ் பாய் பட்டறை அங்கே இருக்கிறது. எங்கள் வேனுக்குக் கட்டில், சிங்க் எல்லாம் போட்டது வேறு ஆள், இவருடைய சிநேகிதர், இப்போது போன் எடுப்பதில்லை. நயாஸ் பாய் பெயரைக் கொடுத்தது எங்கள் டயர் கடைக்காரர்.

பிளாஸ்திரி சுற்றிய அலாரத்தைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யார் பண்ண டாக்டர் வேலை மா?"

வீட்டுக்காரர் என்றேன். தலையை ஆட்டினார். பிளாஸ்திரியை உரித்து, திருப்பி, முதுகில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். செய்த வருஷம் போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை, அவரே படித்தார்.

"இதுக்கு ஆயுசு இருக்குது மா, மாத்திரைக்கு இருக்கிற மாதிரி. முடிஞ்சிட்டா நிமிஷத்துக்கு ஒரு தபா கீச்னும். என்னை மாத்து, மாத்துன்னு சொல்லுது. இது எங்கியோ பழைய வண்டியில இருந்து கழட்டி உங்க தலையில கட்டிருக்கான்."

"அப்ப கத்துனதெல்லாம் ரிப்பேர்னாலயா?"

"கீச்சுன்னா ஆயுசு. விடாம கத்துனா விஷயம் வேற. எப்படி கத்துச்சி?"

தெரியாது என்றேன். கத்தியபோது நான் இல்லை. இவர்தான் இருந்தார். இவர் சொல்வதுதான் வரலாறு.

நாளைக்குப் புதுசு கொண்டுவந்து அவரே மாட்டித் தருகிறாராம். டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று நாளில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆம்பளை.


ஜூலை 17, வியாழன். ஆடி 1

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எதிர்வீட்டுத் தண்ணீர் டிரம் மூடி பறந்து எங்கள் வாசலில்.

பதினோரு மணிக்கு நயாஸ் பாய் வந்தார். புதுசு கைக்கடக்கமாக இருக்கிறது. இரண்டு விளக்கு. இடப்பக்கம் எரிந்தால் கேஸ் கசிவு, வலப்பக்கம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆள் தூங்கியபடியே போய்விடுவான் என்று விளக்கினார். இவர் பக்கத்தில் நின்று அப்பளக் கடைக்காரன் பேச்சைக் கேட்பது போலக் கேட்டார்.

பிறகு ஆரம்பித்தார். கீழே வேண்டாமாம், மேலே கூரையில் மாட்டினால் லட்சணமாக இருக்குமாம்.

"சிலிண்டர் கேஸ் கனம் பாய். கீழ எறங்கும். மேல மாட்டுனா அது வர்றத்துக்குள்ள நம்ம போயிருவோம். நக்கோ, வேணாம்" என்றார் நயாஸ் பாய்.

"இருவது வருஷமா வண்டி ஓட்றேன். எனக்குத் தெரியாதா?"

"ஓட்றது உங்களுக்குத் தெரியும் பாய். இது எனக்குத் தெரியும்."

கீழேயே மாட்டினார். டெஸ்ட் பட்டனை அமுக்கினார். அடேயப்பா. பூக்காரம்மா எட்டிப் பார்த்தது, நாய் ஓடியது. எனக்கு மனசு லேசானது. இவர் முகம் மட்டும் சுண்டிப் போயிற்று. மதியம் சோறு ஒரு கரண்டி குறைவாகத்தான் போட்டுக்கொண்டார். நான் கெஞ்சவில்லை.


ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணல்.

ஆடி முதல் வெள்ளி. காலையில் இவர் வேனுக்குப் பூஜை. எலுமிச்சம்பழம், கதம்பம், சந்தனம், குங்குமம். அப்புறம் சாம்பிராணி. வெள்ளிதோறும் உண்டு. கரி நன்றாகக் கனன்றதும் தூபக்காலை வேனுக்குள் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளேயே கால் மணி நேரம் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்வார். புகை வண்டிக்குள் தங்க வேண்டுமாம், அப்போதுதான் கண் திருஷ்டி போகுமாம். இன்றைக்கு ஆடி வெள்ளி என்று கரி இரண்டு பங்கு.

நான் சைட்டு மூலையில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். அலாரம் அலறியது. விடாமல்.

கதவைக் கொஞ்சம் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "பாத்தியா? நேத்து வாங்குனது, இன்னிக்கி ரிப்பேரு! சாமிப் புகைக்குக் கத்துது!" கதவைப் படாரென்று மூடிக்கொண்டார்.

நானும் நம்பினேன். எழுதவே கூசுகிறது. நம்பினேன். ஏமாந்துவிட்டோம் என்று கோபத்தில் நயாஸ் பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். புதுசு என்று டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எந்த லைட்டு மா எரியுது?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலப்பக்கம்.

"உள்ள என்ன எரியுது?"

"சாம்பிராணி. கரி."

"உள்ள யாராச்சும் இருந்தா வெளிய இழுங்க மொதல்ல. போனை வெய்ங்க!"

கதவைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் பிளாஸ்திரி சுருள். முனையைக் கண்டுபிடித்து உரிக்கத் தெரியவில்லை, விரல் தடவிக்கொண்டே இருக்கிறது. நெற்றியெல்லாம் வேர்வை. "இதோ ஒட்டிட்டேம்மா, இதோ" என்கிறார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். படியில் கால் மடங்கி என்மேல் சாய்ந்தார். எழுபத்தைந்து கிலோ. எப்படித் தாங்கினேன் என்று தெரியவில்லை. பூக்காரம்மா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தது.

காற்றில் உட்கார வைத்தோம். வாந்தி வருகிற மாதிரி இருக்கு என்றார், வரவில்லை. ஆட்டோவில் கிளினிக். டாக்டர் விரலில் எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, இந்த மெஷின் இதற்குச் சரியாகக் காட்டாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள், கனன்ற கரியிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறது என்று மாஸ்க் போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானம் விட்டார்கள்.

ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தால் இவருக்குத் தலைவலி வரும், படுத்துவிடுவார். விரதம், வெறும் வயிறு என்று நானே சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாராவாரம். பக்தி என்று பெருமை வேறு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பழைய அலாரத்தை எப்போது ஒட்டினீர்கள், பொய் சொன்னால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

"போன ஆடி மொத வெள்ளி. பூஜையில கத்துச்சி. அபசகுனமா இருந்துச்சி சாந்தி. நல்ல நாள்ல ஒப்பாரி மாதிரி. அதான்."

கொஞ்ச நாள் இல்லை. ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் பார்ட்டிகள் போய் வந்திருக்கிறார்கள், வாய் கட்டிய அலாரத்தோடு.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் முதுகைத் தடவினார். அதற்கும் கோபம் வந்தது.


ஜூலை 19, சனி

வெயில். இன்றைக்குப் போய்.

கீர்த்தனா குடும்பம் ஒன்பது மணிக்கு வந்தது. குழந்தை கொழுகொழு, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக இவர் முதலில் டிவியைக் காட்டுவார், அப்புறம் கட்டில் விரிவதை. இன்றைக்கு நேராகத் தரைக்குக் குனிந்தார்.

"இது கத்துச்சினா மொதல்ல கொழந்தையைத் தூக்கிக்கினு வெளிய வந்துடுங்க. ஏன் கத்துச்சின்னு அப்புறமா யோசிங்க. துணி போட்டு மூடாதீங்க, ஒட்டாதீங்க."

"யாராவது ஒட்டுவாங்களா அங்கிள்?" என்று சிரித்தாள் கீர்த்தனா.

இவர் சிரிக்கவில்லை. "நான் ஒட்டுனேன்மா" என்றார். அவளுக்குப் புரியவில்லை, அவள் புருஷனுக்குப் புரிந்தது. அவன் டெஸ்ட் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டான்.

கரியடுப்பை நான் இறக்கி வைத்துவிட்டேன். பார்பெக்யூ உண்டு என்று சொன்னீர்களே என்று கேட்டாள். இனிமேல் கிடையாது, வேண்டுமானால் பார்ட்டியை கேன்சல் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். முகம் கடுத்தது. போனார்கள்.

கரியடுப்பு வராண்டாவில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க என்னமோ உறுத்துகிறது. போன டிசம்பரில் ஒரு பார்ட்டி. ஈஜிபுரா ரேவதி. புருஷன், இரண்டு பையன்கள், மடிகேரி. திரும்பி வந்தபோது மெத்தை நாசம். சின்னவன் வாந்தி. மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் ஏன் வெளியே கிளம்புகிறீர்கள் என்று. அந்த வார்த்தைதான். அவள் பதில் போடவில்லை.

நாளைக்குப் போன் பண்ண வேண்டும். என்னவென்று ஆரம்பிப்பது?


ஜூலை 20, ஞாயிறு

காலை ஆறரைக்கு கீர்த்தனா மெசேஜ்: எல்லாரும் நலம், குழந்தை நன்றாகத் தூங்கியது, செம குளிர். இரண்டு தடவை படித்தேன்.

இவர் வேன் நிற்கும் இடத்தில் வெறும் தரைக்கு நீர் தெளித்துவிட்டு வந்தார். தலைவலி இல்லையாம்.

பத்து மணிக்கு ரேவதிக்குப் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள். கரியடுப்பை அன்றைக்கு வண்டிக்குள் வைத்தாயா என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா ஆன்ட்டி. சாயந்திரம் மழை பிடிச்சிக்கிச்சி, ஒரே குளிரு. சிக்கன் சுட்டு முடிச்சும் கரி கனகனன்னு இருந்துச்சா, வீணாப் போவுதேன்னு உள்ள வெச்சி ஜன்னலை மூடிட்டோம். எல்லாரும் அப்படியே அசந்துட்டோம். தூக்கத்துலயே சின்னவன் வாந்தி எடுத்துட்டான். நாத்தம் தாங்கல. அவங்கப்பா தட்டுத்தடுமாறி எழுந்து ரெண்டு கதவையும் தொறந்து விட்டாரு. அதுக்கப்புறம்தான் எனக்கு முழிப்பே வந்துச்சி."

வராண்டாவில் கிடக்கும் கரியடுப்பைப் பார்த்தேன். அவள் பயந்த குரலில்,

"ஏன் ஆன்ட்டி, மெத்தையில கறை இன்னும் போவலையா?"