பத்துக்குப் பத்து வாங்கிய அப்பா

திருப்பூர்
21.1.2007

அன்புள்ள சரவணக்குமாருக்கு அம்மா எழுதுவது. டாக்காவில் குளிர் கடுமை என்றாய், ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்வெட்டர் அனுப்பும் கம்பெனியில் இருந்துகொண்டு நீ ஒன்று போட்டுக்கொள்ளாமல் இருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். பொங்கலுக்கு மங்கலத்திலிருந்து உன் தங்கை வந்துபோனாள், அவளும் நலம். மூன்றாவது ஆளைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டால் உன் அப்பா ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி, "சூப்பரா இருக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிடுகிறார், நீயும் சந்தோஷமாக வைத்துவிடுகிறாய்.

உள்ளதைச் சொல்கிறேன். காலில் சின்னப் புண் என்று உன்னிடம் சொன்னாரே, அதற்காக ஐப்பசியில் வலது சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இப்போது பக்கத்து விரலும் கறுத்துவிட்டது. சர்க்கரையும் சிகரெட்டும் சேர்ந்து காலுக்கு ரத்தம் போகிற வழியை அடைத்துவிட்டன என்கிறார் டாக்டர். சிகரெட்டை அறவே விட்டால் மாசி வரை பொறுத்துப் பார்க்கலாமாம், இல்லாவிட்டால் முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவதுதானாம்.

இந்த இடத்துக்கு நாங்கள் நல்ல மார்க் வாங்கித்தான் வந்து சேர்ந்தோம். போன சித்திரையில் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். தீராத வியாதிக்காரர்களுக்குக் கெட்ட பழக்கத்தை விடுவதில் எவ்வளவு ஊக்கம் இருக்கிறது என்று அளப்பதாம். சர்க்கரையை அளக்க ரத்தம் எடுப்பவர்கள் இதை அளக்க வாயைத் திறக்கச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். அனுசுயா என்றொரு கவுன்சிலர் பெண், பூஜ்யம் முதல் பத்து வரை எழுதிய அட்டையை நீட்டி, சிகரெட்டை விடுவதற்கு எவ்வளவு ஆசை, விட முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டாள். கேள்வித்தாளோடு யார் வந்தாலும் உன் அப்பாவுக்குக் கம்பெனி ஆடிட்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வேலைக்காரர்களை விசாரிக்க ஆடிட்டுக்கு வருமுன் செக்கிங் செக்ஷன் பெண்களை நிற்கவைத்து, "ஞாயித்துக்கெழமை வேலை உண்டான்னு கேட்டா இல்லீங்கன்னு சொல்லோணும், சிரிச்ச மூஞ்சியா இருக்கோணும்" என்று இத்தனை வருஷமாகப் பாடம் எடுத்தவர் அல்லவா. "ரெண்டுக்கும் பத்துன்னு போட்டுக்குங்க" என்றார், சிரித்த முகமாக. வெளியே வந்ததும் நேரே பெட்டிக்கடைக்குப் போனார். கேட்டால், "ஏனம்மிணி, அந்தப் புள்ள அத்தனை மரியாதையாக் கேக்குது, மனசு நோகற மாதிரி சொல்ல முடியுமா?" என்கிறார்.

அடுத்து உட்கார்ந்தவர் உன் அப்பா கம்பெனி கட்டிங் மாஸ்டர் வீரணன், தேனிப் பக்கத்துக்காரர். "சைபர் போடு தாயி, செத்தாலும் பீடிய விட மாட்டேன், அதுக்குக் கீழ நம்பர் இருந்தா அதையும் போடு" என்றார். குறைந்த மார்க் வாங்கியவர்களை வாராவாரம் வரவழைத்தார்கள், காலைப் பார்த்தார்கள், வீட்டுக்காரியையும் உட்காரவைத்துப் பேசினார்கள். பத்து வாங்கியவர் தானே விட்டுவிடுவார் என்று உன் அப்பாவை ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் போனோம், விரலைக் கொடுத்துவிட்டு வந்தோம். வீரணன், "அந்தப் புள்ள நச்சரிப்புத் தாங்காம விட்டுத் தொலைச்சேன்" என்று திட்டிக்கொண்டே இரண்டு காலில் வேலைக்குப் போகிறார்.

போன வாரம் அனுசுயா மறுபடி அட்டையை நீட்டினாள். மறுபடி பத்து. பனியனுக்குள் சிகரெட் பாக்கெட் இருந்தது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, எனக்காவது நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். "ஆசை ரெண்டு இருக்கும் அம்மிணி, அதும் காலு போயிருமேங்கற பயத்துல. நம்பிக்கைன்னு கேட்டீன்னா ஒண்ணுமே இல்லே" என்று சொல்லி அழுதார். நாங்கள் இருவருமாகப் போய் அதை அனுசுயாவிடம் சொன்னோம். அவள் பத்தை அடித்துவிட்டு, இனி செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மார்க் போட்ட நான், தேறாத ஒருவரைப் பார்த்து இப்படி நிம்மதிப்பட்டதில்லை. ஆனால் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது போன சித்திரையிலேயே நடந்திருக்க வேண்டியது என்றார். நேற்றுக்கூட, "ஒண்ணு குடிச்சுப்போட்டேன்" என்று அவராகவே வந்து சொன்னார். திட்டவில்லை. சொல்கிறாரே என்று இருந்துவிட்டேன்.

நீயும் சர்க்கரை பார்த்துக்கொள். பார்த்தேன், நார்மல் என்று எழுதாதே, ரிப்போர்ட்டை அனுப்பு, நீ அவர் பிள்ளை. போனில் அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, இன்றைக்கு எத்தனை சிகரெட் என்று கேள், கேட்டுவிட்டுக் கோபிக்காதே.

மாசியில் காலை எடுப்பதென்று ஆகிவிட்டால் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. உன்னிடம் சொல்ல மாட்டார். வர முடியுமா என்று யோசித்து எழுது. என் மனசு நோகுமே என்று கண்டிப்பாக வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. முடியாதென்றால் முடியாது என்றே எழுது, ஆஸ்பத்திரியில் துணைக்கு நான் வேறு ஆள் பார்த்துக்கொள்ள நாள் இருக்கும்.

முழு உடம்போடு நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அம்மா
ஜானகியம்மாள்