ஆந்தைப் படக்காரன் கேட்ட கேள்வி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சௌக்கியம், என் இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. உன் தோள்வலியைப் பற்றிப் போனில் கேட்க நினைத்து, நீ சொன்ன சேதியில் மறந்துபோனேன். எதையும் மறக்காதவள் நான், அப்படிப்பட்டவளே மறந்தேன் என்றால் அந்தச் சேதி என்னை எப்படி உலுக்கியிருக்கும் என்று பார்த்துக்கொள். அந்தக் கம்ப்யூட்டர் மொழியின் புதுப் பதிப்பில், நீ எழுதிப் பொதுக் கிடங்கில் வைத்த பொட்டலம் ஏதோ சோதனையில் தேறவில்லையாம், வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் கிடங்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். "எடுத்துட்டுப் போகட்டும்மா, இனிமே என்னால முடியல, அந்தப் பக்கத்தையே நான் திறக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாய். நான் பதில் பேசாதது கோபத்தில் இல்லை. போனில் பேசினால் எனக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசிவரை படி, கடைசியில்தான் சேதி இருக்கிறது.

போன விடுமுறையில் நீ பின் அறையில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேலை செய்தாயே, அப்போது நீ சொன்னது ஒன்று விடாமல் நினைவிருக்கிறது. புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவர்களுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு மொழி, அதை யாரும் விற்பதில்லை, அதற்கு வேண்டிய சாமான்களை அவரவர் எழுதிக் கட்டி ஒரு பொதுக் கிடங்கில் வைப்பார்கள், யார் கேட்டாலும் இனாமாகக் கிடைக்கும் என்றாய். நீ பேக்கேஜ் என்பாய், எனக்கு அது பொட்டலம். என் பேத்தி குறைமாதத்தில் பிறந்தபோது நர்ஸ் ஒருநாள் எடை பார்ப்பதும் நாலு நாள் விட்டுவிடுவதுமாக இருக்க, பிள்ளை தேறுகிறதா இல்லையா என்று தெரியாமல் நீ தவித்தாய். விட்டுப்போன நாளையும் ஊகித்து வளர்ச்சியை ஒரே கோடாக வரைந்து காட்டத்தான் அதை எழுதினாய். எழுதியதை நீ உன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, கிடங்கில் வைத்தாய். அங்கே கூலி வாங்காமல் காவல் இருப்பவர்கள் எல்லா ரக மெஷினிலும் அதை ஓட்டிப் பார்த்து, இது சொட்டை அது சொட்டை என்று திருப்பித் திருப்பி அனுப்பி, பிறகுதான் அலமாரியில் வைத்தார்கள். அந்தக் கிடங்குக்கே பல தேசங்களில் நகல் இருக்கிறதாம், ஒன்று எரிந்தாலும் மற்றது நிற்குமாம். இதையெல்லாம் ஆட்கள் சும்மா செய்கிறார்கள் என்று நீ சொன்னபோது கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் என்னை அசர வைத்தது வேறு. உன் பொட்டலத்தில் பழைய வழி ஒன்றை அடைக்கப் போகிறாய் என்று, அதை நம்பித் தங்கள் பொட்டலத்தைக் கட்டியவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக எழுதினாய். இன்ன தேதியில் அடைக்கிறேன், உங்கள் பக்கம் இந்த இடம் உடையும், இப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று. சிலருக்கு நீயே மாற்றியும் கொடுத்தாய். அதில் ஒருவன், முகத்துக்குப் பதிலாக ஆந்தைப் படம் வைத்திருப்பவன், ஊரறிய உன் வேலையைக் குப்பை என்று எழுதியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ சொல்லி அழுதாய், நான் அவனை மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. அவனுக்கு ஏன் எழுதுகிறாய், உடைந்தால் உடையட்டும், புத்தி வரட்டும் என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் "அவனை நம்பி எத்தனை பேர் இருக்காங்களோம்மா, அவங்க என்ன பண்ணாங்க?" என்றாய். என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நீ போனை வைத்த மறுநாள் உன் தம்பியிடம் உன் பொட்டலம் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். நடுவில் உன் பொட்டலம், அதிலிருந்து கோடு கோடாகப் போகிறது, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பொட்டலம், அதிலிருந்து இன்னும் கோடுகள். அவன் விரலால் தள்ளிக்கொண்டே போகிறான், முடியவே இல்லை. ஒருத்தி கடல் மீன் எத்தனை நாளில் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கிறாள், ஒருவன் கன்றுக்குட்டிக்கு, ஒருவன் காட்டில் மரத்துக்கு, எங்கோ ஓர் ஆஸ்பத்திரி குறைமாதப் பிள்ளைகளுக்கு. "இவங்கள்ல யாரையாவது அக்காவுக்குத் தெரியுமாடா" என்றேன். "கிட்ட இருக்கறவங்களுக்கு எழுதியிருப்பா, மத்தவங்களை அக்காவுக்கே தெரியாது, அவங்களுக்கும் அக்காவைத் தெரியாது" என்றான். என் பேத்தியின் எடைக்காக வரைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு இத்தனை பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

இப்போது நம் வீட்டுச் சேதி. குழாய்க்காரரைக் கூப்பிட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாயைப் பிடுங்கிப் புதிது போடச் சொன்னேன். அவர் பாதி வேலையில் நிறுத்தி, "இங்கேருந்து ஒரு லைன் அடுத்த வீட்டுக்குப் போகுதே, அடைச்சுடவா?" என்றார். அடுத்த வீடு யார் வீடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அத்தை வீடு. உன் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்துவிட்டுத் திரும்பினால், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலில் சுவர் நிற்கிறது, சிமெண்ட் ஈரம்கூடக் காயவில்லை. அடைத்தது அவள் உரிமை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே செங்கல் எடுத்துக் கொடுத்திருப்பேன். சொல்லாமல் அடைத்தாளே, அன்றோடு பேச்சு நின்றது. அதனால் "அடைங்க" என்றேன், சந்தோஷமாகவே சொன்னேன். அவர் ஸ்பானரை வைத்துத் திருகப் போகும்போது, அந்த ஸ்டூலில் முதுகு வளைந்து நீ ஆந்தைக்காரனுக்கு எழுதிக்கொண்டிருந்தது கண்ணில் வந்து நின்றது. இருங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

அத்தை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள். "குழாயை மாத்துறோம், உன் பக்கம் தண்ணி நின்னுடும், வேற ஏற்பாடு பண்ண எத்தனை நாள் வேணும்" என்றேன். உட்காருங்க அண்ணி என்றாள். உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும் என்றேன், உண்மையில் நின்றால்தான் வலிக்கிறது. என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அந்த லைன் அவள் வீட்டோடு நிற்கவில்லை. மாடியில் குடியிருப்பவர்களுக்குப் போகிறது, அங்கிருந்து சைக்கிள் ரிப்பேர் கடையில் பஞ்சர் பார்க்கும் தொட்டிக்கு, அதைத் தாண்டிக் குழந்தைகள் காப்பகத்துக்கு. அங்கே என் முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னக் குழாய்கள் வரிசையாக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் குனிந்து கை கழுவிக்கொண்டிருக்கின்றன, அதில் ஒன்று என் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுச் சிரிக்கிறது. எல்லாம் நம் தொட்டித் தண்ணீர். தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்று உன் தம்பியின் குளியலைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அவன். அத்தை இரண்டு மாதம் அவகாசம் கேட்டாள், கொடுத்தேன். கோபம் அப்படியே இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை. தண்ணீர் மட்டும் போகிறது.

இப்போது கடைசிச் சேதி. நீ பக்கத்தைத் திறப்பதில்லை என்றாய், அதனால் உன் தம்பியைத் திறந்து படிக்கச் சொன்னேன். எடுத்துவிடப் போகிறார்கள் என்ற அறிவிப்புக்குக் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான். உங்களுக்கு அலுப்பாக இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தச் சோதனையில் தேறும்படி திருத்தி வைத்திருக்கிறேன், நீங்கள் சரி என்றால் அனுப்பலாம், ஆனால் அதற்கு முன் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, சொல்கிறீர்களா என்று. யார் என்றேன். உன் தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆந்தைப் படம் என்றான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன், அதுவேதான். அவன் உன்னைச் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது, அது போகாது. ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான் பார், அதை அவன் உன்னிடம்தான் கற்றிருக்க வேண்டும். உன்னால் முடிந்தால் வைத்துக்கொள், முடியாவிட்டால் அவனிடமே கொடு. சும்மா விட்டுவிடாதே.

கெடு முடியும் வெள்ளிக்கிழமைக்கு முன் அவனுக்கு ஒரு வரி எழுது, மறக்காதே. ஸ்டூலில் உட்காராமல் முதுகு சாய்கிற நாற்காலி வாங்கு. என் பேத்தி இப்போது எத்தனை கிலோ என்று எழுது, நான் இங்கே குறித்துக்கொள்வேன். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கையை நம்பியவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு.

அத்தை உன்னைக் கேட்டாள். விசாரித்ததாகச் சொல்லச் சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா