தொட்டி இறங்கிய ஆஷாடம்

ஜூலை 28, ஞாயிறு
அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஆறடிச் செங்கல் மேடைமேல் நிற்கிறது அல்லவா, அது எதிர் சிவாலயத்தைவிட உயரமாம். தோஷமாம். "ஆஷாட மாசம் முடியறதுக்குள்ள மாடித் தரையில இறக்கிடுங்க" என்றார் வாஸ்து பார்க்கும் சோமயாஜுலு சித்தாந்தி. எல்லோரும் கை தூக்கினார்கள். சிவன் பேர் வந்தபின் நான் தூக்காமல் இருப்பேனா?

ஆகஸ்ட் 1
மேடையை இடித்தாயிற்று. தெனாலி ஊரையே காப்பாற்றியதுபோல் நடக்கிறார் சங்கத் தலைவர் வீரபத்ர ராவ்.

ஆகஸ்ட் 2
தொட்டிக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், எங்கள் குழாய் நூலாக ஒழுகுகிறது. கீழ்வீடுகளில் யாராவது திறந்தால் அதுவும் இல்லை. தரைத்தளத்தில் இருக்கும் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.
"எங்க வீட்ல பிச்சுக்கிட்டு வருதேம்மா! உங்க கிரகம் எப்படியோ."
பதினாறாம் தேதி வரலட்சுமி விரதம். தலைக்குளியல், கலசம், வருகிற சுமங்கலிகளுக்குக் கால் கழுவ... தாயே, எதில்?

ஆகஸ்ட் 4
மகள் லாஸ்யாவுக்கு நாளை அறிவியல் பரீட்சை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் என் கையில். உயரத்தில் இருக்கும் பொருளில் நிலை ஆற்றல் சேர்ந்திருக்கும். இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாக மாறும். என் கணக்குப் புத்தி உடனே பிடித்துக்கொண்டது. உயரம் வரவு, ஓட்டம் செலவு. குழாயோடு உரசிக் கொஞ்சம் சூடாகப் போய்விடுமாம் — தரகு இல்லாத இடம் ஏது!
ஆக, தலைவர் குழாய்க்குத் தொட்டி மூன்று மாடிக்கும் மேலே. எங்களுக்கு இருந்த உயரமே அந்த மேடைதான். நானே கை தூக்கி இடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6
கீழிருந்து வாளி வாளியாகச் சுமக்கிறேன்.
"வாளிக்கு நிலை ஆற்றல் குடுத்துட்டம்மா!"
"எனக்கு யாருடி குடுப்பா?"
"காலையில தின்ன பெசரட்டு."
பதில் சரி. மார்க் போடத்தான் மூச்சு இல்லை.

ஆகஸ்ட் 7
பாடத்தைத் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். "என் பையன் இன்ஜினியர்மா. அவனே கை தூக்கினான்!"

ஆகஸ்ட் 11, ஞாயிறு
சித்தாந்தியைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். கீழ்வீடுகளில் பாத்திரம் கழுவும் நேரமாகப் பார்த்து. பப்பு, கோங்குரா, பூர்ணாலு, கை நிறைய நெய். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போய்க் குழாயைத் திருகினார். காற்று வந்தது.
"என்னம்மா இது?"
"தோஷம் போயிடுச்சு சித்தாந்தி காரு. தண்ணியும் கூடவே போயிடுச்சு."
வாளியைத் தூக்க ஓடிய லாஸ்யாவைக் கண்ணாலேயே நிறுத்தினேன். நெய்க் கையைத் தூக்கியபடி நின்றார்.
"நீங்க சொல்லி இறக்கினது. நீங்க சொன்னாத்தான் ஏத்துவாங்க."
"...ஏத்திடலாம்மா. முதல்ல தண்ணி ஊத்துங்க."
சாப்பிட்டவரை எச்சில் கையோடு நிறுத்தியது பாவம்தான். மாலை பூஜையில் லலிதா சகஸ்ரநாமம் இரண்டு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 13
கொத்தனார் வந்துவிட்டார். இறக்க ஒரு தட்சிணை, ஏற்ற ஒரு தட்சிணை. சித்தாந்திக்கு மட்டும் எந்த மாற்றத்திலும் நஷ்டமில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி
கலசம் எங்கள் குழாயிலேயே நிரம்பியது. தாயே!
கீழே அறிவிப்புப் பலகையில் சித்தாந்தியின் புதிய கண்டுபிடிப்பு: "சிராவண மாதத்தில் கிரகம் மாறியது. உயரத்தில் உள்ள நீரே இல்லத்துக்குச் சக்தி."
லாஸ்யா குதித்தாள். "அம்மா, இது நம்ம பாடம்! ரெண்டாவது பத்தி!"
"மெதுவாடி. பாடம்னு தலைவர் காதுல விழுந்தா மறுபடி இறக்கிடுவார்."