கீழ்க்கூடத்துக் கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் உன் அம்மா இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

குப்பை கொட்டி மூடிய குளத்தைப் பூங்காவாக்கி நடுவில் பொழுதுபோக்கு மையம் கட்டுகிறார்கள் என்று சொன்னேனே, அங்கே கதவு வேலை முழுக்க உன் தங்கை வீட்டுக்காரருடையது. திறப்பதற்கு முன்னால் வந்து சுற்றிப் பாருங்கள் என்று கூப்பிட்டார், நேற்றுப் போனோம். புல்தரை, நடைபாதை, நாணல் வைத்த சின்னக் குட்டை, எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. உன் அம்மா நடக்கிற மெஷினில் ஏறி நின்று, எங்கேயும் போய்ச் சேராம நடக்கிறதுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன், கீழ்க்கூடத்துக்கு இறங்கும் வரைக்கும்.

அது தரைக்கு அடியில் இருக்கும் நடனக் கூடம். இரண்டாவது வாசல் வேலை முடியாமல் பலகை அடித்துக் கிடக்கிறது, இப்போதைக்கு ஒரே கதவு. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன், என் கை பட்ட கதவு. போன மாதம் மேல்மூலை இடிக்கிறது என்று மாப்பிள்ளை அதைக் கழற்றி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார், நான்தான் இழைத்துக் கொடுத்தேன். பிறகு அவரே இரண்டு முறை இழைத்திருக்கிறார், இன்னும் அதே மூலைதான் இடிக்கிறது. மரம் ஈரத்தில் உப்பினால் இப்படி ஒரே மூலையில் இடிக்காது. கதவு ஒழுங்காகத்தான் இருக்கிறது, அதைத் தாங்கும் நிலைதான் சாய்கிறது, சுவர் இறங்காமல் நிலை சாயாது. நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவன், இடிக்குது என்றதும் இழைப்புளியை எடுத்தேனே தவிர ஏன் இடிக்குது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலைக்கு மேலே புதுப் பூச்சில் முடி போல ஒரு விரிசல், அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருக்கிறது.

மையத்து மேலாளரிடம் சொன்னேன், புதுக் கட்டடம்னா கொஞ்சம் செட்டில் ஆகத்தான் செய்யும் பெரியவரே என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். உன் தங்கையோ, அவரோட பொழப்புல மண்ணைப் போடாதீங்கப்பா என்று அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா, அறுபது பிள்ளைகள் அந்தக் கூடத்தில் ஆடப் போகிறார்கள், உன் தங்கை மகள், நம் வாலு, முதல் வரிசையில். புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் குதிக்கிறாள், அவள் குதிக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கட்டடம் படித்தவள், உன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. இந்தத் தாளின் பின்பக்கம் கதவின் அளவும் விரிசலும் வரைந்திருக்கிறேன், பார்த்துவிட்டு முதலில் தங்கையிடம் பேசு, பிறகு அந்த மேலாளரிடம் பேசு, கோபப்படாமல் பேசு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார். அதே கதவுதான், இன்று மூடினால் திறக்கவே மாட்டேன் என்கிறதாம், என் பெரிய இழைப்புளியைக் கேட்டார். இழைத்து மறைத்தது போதும் என்று நினைத்து, காணவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன், அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பரவாயில்லை மாமா, கடையில புதுசு வாங்கிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு தாயே. படித்ததும் கூப்பிடு, மறந்துவிடாதே, விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு.

உன் அப்பா